அத்தை சப்பாத்தி மாவு சுரண்டிய இரண்டாயிரம் ரூபாய்

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பாளையங்கோட்டையில் அத்தை வீட்டு அடுப்படி. சப்பாத்தி தேய்த்து முடித்த கையோடு, மேடையில் காய்ந்து ஒட்டிக்கிடந்த மாவை அத்தை ஒரு பிளாஸ்டிக் அட்டையால் வழித்துக்கொண்டிருந்தார். தங்க நிறம், மூலையில் ஒரு குத்துவிளக்குப் படம். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று உற்றுப் பார்த்தால், 2024 தீபாவளிக்கு நான் கொடுத்த கிஃப்ட் கார்டு!

"அத்தை, அதுல ரெண்டாயிரம் ரூவா இருக்கு."

"எதுல?"

"கையில வச்சிருக்கீங்களே, அதுல."

அத்தை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏல, இது கடைக்காரன் விளம்பரத்துக்குக் குடுத்ததுன்னுல்லா நெனச்சேன்!" என்றார். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. அத்தை சொன்னதில் தப்பே இல்லை. அந்த அட்டையில் கடையின் பெயர் இருந்தது, விளக்கு இருந்தது, பின்பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருந்தன. எவ்வளவு தொகை என்று எங்கும் அச்சாகவில்லை. யார் கொடுத்தது, யாருக்கு, எதற்கு, ஒன்றும் இல்லை. கடையில் கொடுத்த காகித உறையோடு அப்படியே நீட்டிவிட்டு ரயிலேறியது நான்தான்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போய் அதை உபயோகித்துவிட்டோம். கறுப்புப் பட்டையைத் தேய்த்தால் மெஷின் எடுக்கவில்லை, இரண்டரை மாதம் மாவு வழித்தது அல்லவா, முன்னால் இருந்த எண்ணை விரலால் அடித்துத்தான் பில் போட்டார்கள்.

அப்படியானால் கிஃப்ட் கார்டே வேண்டாமே, புடவையாக வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். மூன்று தீபாவளி வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். மூன்றும் மாற்றப்பட்டன, அல்லது வேறு யாருக்கோ வைத்துக் கொடுக்கப்பட்டன. பணமாகக் கொடுத்தால் அது சிலிண்டருக்கும் பேரன் ஸ்கூல் ஃபீஸுக்கும் போய்விடும், அத்தை கைக்கு ஒரு முழம் துணி வராது. கார்டின் ஒரே நல்ல குணம் இதுதான்: அது வேலி போட்ட பணம். இந்தக் கடையில் மட்டும்தான் செலவாகும். அந்த வேலியை நான் ஏன் போட்டேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் குறை. கார்டை மாற்றாமல் அதைச் சுற்றி இருப்பதை மாற்றலாம் என்று முடிவு செய்து, 2025 தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னாலேயே வேலையை ஆரம்பித்தேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன், தப்பாகச் செய்தவை உட்பட.

முதலில் கார்டு வாங்குவது பற்றிச் சுருக்கமாக. வங்கிகள் தரும் கிஃப்ட் கார்டு, கார்டு வாங்கிக்கொள்ளும் எந்தக் கடையிலும் செல்லும். ரிசர்வ் வங்கி விதிப்படி அதிகபட்சம் 10,000 ரூபாய், மறுபடி பணம் ஏற்ற முடியாது, ஏ.டி.எம்.மில் எடுக்கவும் முடியாது, குறைந்தது ஒரு வருடம் செல்லும். கடைகளே தரும் கார்டு அந்தக் கடையில் மட்டும் செல்லும், விதிகள் கடைக்குக் கடை மாறும், கெடு தேதியைக் கேட்டே வாங்க வேண்டும். எங்கும் செல்லும் கார்டில் வேலியே இல்லை, அதற்குப் பணத்தையே கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி. இன்னொன்று: கடையில் மாட்டி வைத்திருக்கும் கார்டு வெறும் பிளாஸ்டிக், கவுன்ட்டரில் தொகையை ஏற்றினால்தான் உயிர் வரும். நான் வாங்கிய ஐந்தில் ஒன்று ஏற்றப்படாமலே என் கைக்கு வந்திருந்தது. வீட்டுக்கு வந்து இருப்பைச் சரிபார்த்ததால் தப்பித்தேன், பில் பத்திரமாக இருந்ததால் மறுநாள் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். இல்லாவிட்டால் தீபாவளியன்று அத்தை காலி அட்டையோடு கவுன்ட்டரில் நின்றிருப்பார்.

சரி, கார்டை வைத்துக் கொடுக்கும் பெட்டிக்கு வருவோம்.

கடையில் விற்கும் பளபளப்பு உறைகளைப் பார்த்தேன், எல்லாமே மொய்க் கவர் மாதிரி இருந்தன. அப்போதுதான் மொய்க் கவரே மனதில் தைத்தது. கவரின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டி வைத்திருப்பார்களே, ஐநூறை ஐநூற்றொன்றாக்குகிற அந்த ஒன்று. கார்டில் முழு ஆயிரம், முழு இரண்டாயிரம் என்றுதான் ஏற்றினேன். நம் வீடுகளில் முழுத் தொகையை யாராவது வைத்துக் கொடுப்பார்களா? அந்த ஒரு ரூபாயைப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். அது சடங்குக்கு மட்டுமல்ல, வேலைக்கும் ஆகும்: கார்டின் பின்னால் ரகசிய எண்ணை மறைத்திருக்கும் வெள்ளிப் பூச்சைச் சுரண்ட எப்படியும் ஒரு காசு தேட வேண்டும் அல்லவா.

பெட்டியின் வடிவம் தீப்பெட்டிதான். உள்ளே ஒரு தட்டு, வெளியே ஒரு உறை, தள்ளினால் திறக்கும். எல்லோருக்கும் திறக்கத் தெரியும், ஒட்டவும் கிழிக்கவும் வேண்டாம். அட்டைக்கு எங்கே போவது? பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் விதவிதமான அட்டை கிடைக்கும், ஒரு சனிக்கிழமை போய் ஐந்தாறு தாளைத் தடவியும் பார்த்தேன். ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்தால், அம்மா பரணை ஒழித்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பத்திரிகைகள் இரண்டு கட்டு கீழே கிடந்தன. மிஞ்சியவை. எந்த வீட்டிலும் பத்திரிகை ஐம்பது அறுபது அதிகமாகத்தான் அடிப்பார்கள், கல்யாணம் முடிந்ததும் தூக்கிப் போட மனசு வராமல் பரணில் ஏறிவிடும். ஒரு கட்டு அக்கா கல்யாணத்துடையது. இன்னொன்று அத்தை மகள் கல்யாணத்துடையது, சென்னையில் கொடுப்பதற்கென்று எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனது. கெட்டியான அட்டை, ஓரத்தில் அரக்கு நிறம், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கறை இன்னும் மங்கலாக இருந்தது.

"பிள்ளையார் கழுத்துல கத்தி வைக்காதடா" என்று மட்டும் அம்மா சொன்னாள். பிள்ளையார் படமுள்ள பக்கத்தை வெட்டாமல் எடுத்து வைத்துவிட்டு, உள்பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இனி அளவு. ஏ.டி.எம். கார்டு அளவில் வரும் எந்தக் கார்டும் 85.6 மி.மீ. நீளம், 54 மி.மீ. அகலம்தான், உலகம் முழுக்க ஒரே அளவு. தட்டின் உள்ளளவு 88க்கு 56, உயரம் 14 மி.மீ. என்று வைத்தேன். அப்படியானால் தட்டுக்கு வெட்ட வேண்டிய தாள் 116க்கு 84. என்னிடம் இருந்த பத்திரிகை ஏழுக்கு ஐந்து அங்குல மடிப்பு, அதாவது ஒரு பக்கம் 178க்கு 127 மி.மீ. ஒரு பக்கத்தில் தட்டு, இன்னொரு பக்கத்தில் உறை, ஒரு பத்திரிகைக்கு ஒரு பெட்டி கச்சிதமாக வந்தது.

முதல் பெட்டி கெட்டது. தட்டின் அகலம் 56, உறையின் அகலமும் 56 என்று வெட்டித் தொலைத்தேன். அட்டைக்கும் பருமன் உண்டு, மடித்து ஒட்டிய இடத்தில் அது இரட்டிப்பாகும் என்பதை மூளை மறந்துவிட்டது. தட்டு உறைக்குள் கால் பங்கு போய் நின்றுவிட்டது, இழுத்தால் உறை கிழிந்தது. இரண்டாவதில் உறைக்கு 58 வைத்தேன். மேல் 58, பக்கம் 15, கீழ் 58, பக்கம் 15, ஒட்டுவதற்கு 12, ஆக 158 மி.மீ. நீளமும் 89 மி.மீ. அகலமும் கொண்ட பட்டை. கொஞ்சம் இழைந்து போகிறது, தலைகீழாகப் பிடித்தாலும் தட்டு விழவில்லை. இதைவிடத் தளர்வாக வைக்காதீர்கள்.

மடிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. கெட்டி அட்டையை அப்படியே மடித்தால் விளிம்பு வெடித்து வெள்ளை நார் தெரியும், தங்க எழுத்து ஓடும் இடமாக இருந்தால் உரிந்தே விடும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேலை ஒட்டி அழுத்தி இரண்டு முறை இழுத்து, ஒரு பள்ளம் விழுந்த பிறகு மடிக்க வேண்டும். தாளுக்கு நார் ஓடும் திசையும் உண்டு. துண்டு ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சுலபமாக வளையும், அந்த மடிப்பு சுத்தமாக விழும், எதிர்ப்பக்கத்து மடிப்புக்குக் கூடுதலாக ஒருமுறை கோடு இழுக்க வேண்டும். வெட்டுவதற்குக் கீழே போன வருடத்துத் தினசரி காலண்டரின் அட்டையை வைத்துக்கொண்டேன், முருகன் படத்தைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பித்தான். ஒட்டுவதற்கு ஃபெவிகால், குச்சியால் மெல்லிசாக. ஆர்வக்கோளாறில் மூன்றாவது பெட்டிக்கு விரலால் அப்பினேன், அட்டை ஊறி அப்பளம் மாதிரி நெளிந்தது. ஒட்டிய இடத்தைத் துணிக் கிளிப் போட்டு அரை மணி நேரம் விட்டால் போதும்.

நடுவில் ஒரு விபரீத யோசனையும் வந்தது. உறைக்குப் பதிலாக மூடி வைத்து, சின்னக் காந்தம் பதித்தால் டக்கென்று மூடிக்கொள்ளுமே என்று பட்டாணி அளவு காந்தங்களை வாங்கியே விட்டேன். பெட்டியில் ஒட்டப் போகும்போதுதான் கறுப்புப் பட்டை ஞாபகம் வந்தது. அதில் இருக்கும் தகவலே காந்தப் பதிவுதான், கிஃப்ட் கார்டு மாதிரி கொஞ்ச நாளைக்கான அட்டைகளில் அந்தப் பதிவு பெரும்பாலும் பலவீனமாகத்தான் இருக்கும், இந்தக் குட்டிக் காந்தங்களோ அநியாயத்துக்குப் பலமானவை. ஒரு வாரம் பெட்டிக்குள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் என்ன ஆகும்? காந்தங்கள் இப்போது ஃபிரிட்ஜ் கதவில் இருக்கின்றன.

அடுத்து, கார்டை உள்ளே எப்படி நிறுத்துவது. இதில்தான் உண்மையிலேயே மாட்டினேன். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை ஒரு கார்டின் பின்னால் ஒட்டித் தட்டில் பதித்தேன். கொஞ்சம் கோணல். சரிசெய்யலாம் என்று பிரித்தேன். டேப்போடு வெள்ளிப் பூச்சும் உரிந்து வந்தது, பூச்சு மட்டுமல்ல, அதற்கடியில் இருந்த ஆறு இலக்கத்தில் கடைசி இரண்டும் சேர்ந்தே வந்துவிட்டன. டேப்பை வெளிச்சத்தில் காட்டிப் படிக்கப் பார்த்தேன், 3 போலவும் இருந்தது 8 போலவும் இருந்தது. மறுபடி பில்லோடு கடைக்கு நடை. நல்லவேளை, வேறு கார்டு மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் கார்டில் பசையோ டேப்போ எதுவும் படக்கூடாது என்று சட்டம் போட்டுக்கொண்டேன். பழைய கறுப்பு வெள்ளை ஆல்பங்களில் போட்டோவின் நான்கு மூலைக்கும் முக்கோணக் காகிதம் ஒட்டி, அதற்குள் படத்தைச் செருகியிருப்பார்களே, அதே வித்தைதான். எதிரெதிர் மூலைகளில் இரண்டு மட்டும் போதும்.

ஒரு ரூபாய் மட்டும் பாக்கி. சும்மா போட்டால் உள்ளே உருண்டு அதுவே பூச்சைச் சுரண்டிவிடும். பள்ளிப் பிள்ளைகள் கைவேலைக்கு வாங்கும் 3 மி.மீ. ஃபோம் ஷீட்டைத் தட்டின் அடியளவுக்கு வெட்டி, நடுவில் 22 மி.மீ. வட்டம் குடைந்தேன், நான் எடுத்த ஒரு ரூபாய்க்கு அந்த அளவு சரியாக இருந்தது. நாணயம் அதில் அமுங்கி உட்கார்ந்துகொள்ளும், மேலே கார்டு. அத்தை பெட்டிக்கு இதைச் செய்தபோது தற்செயலாக ஒன்று நடந்தது. காசை வைக்கும் முன் அந்த வட்டத்துக்குள் எட்டிப் பார்த்தால், அடியில் பத்திரிகையின் அச்சு தெரிந்தது, "நல்வரவை" என்ற சொல்லின் பாதி. உடனே அந்தத் தட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒரு பத்திரிகையை எடுத்து, திருவளர்ச்செல்விக்கு அடுத்து அத்தை மகளின் பெயர் சரியாக அந்த வட்டத்தின் நடுவில் விழும்படி இடம் பார்த்து வெட்டினேன். டிரேசிங் தாளில் வட்டம் வரைந்து பத்திரிகை மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்ததில் ஒரு மணி நேரம் போனது. இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பெருமையான ஒரு மணி நேரம் அதுதான்.

கூடவே வைத்த துண்டுச் சீட்டில் "இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்" என்று எழுதவில்லை, அது எல்லாக் கடைக்காரனும் எழுதுவது. தொகை, கடை, கெடு தேதி மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, கீழே, "அத்தை, மஞ்சள் வேண்டாம், உங்களிடம் ஏற்கெனவே ஐந்து இருக்கிறது. அரக்கு பார்டர் போட்ட பச்சை. பேரனுக்குச் சட்டை எடுக்கக்கூடாது" என்று எழுதினேன்.

அக்கா பையன் ஆறாம் வகுப்பு. அவனுக்குப் புத்தகக் கடை கார்டு. பெட்டியை அவன் மதிக்க மாட்டான் என்று தெரியும், அதனால் பழைய நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்குமே, அட்டை செருகும் பை, பக்கத்தில் தேதி முத்திரை குத்தும் சீட்டு, அதைச் செய்தேன். தேதி முத்திரையை ஸ்டேஷனரி கடையில் வாங்கி, சீட்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைக் குத்தினேன். ஒவ்வொரு தேதியிலும் நான் அவனைக் கடைக்குக் கூட்டிப்போவேன் என்று கணக்கு. அவன் பார்த்ததும் கேட்டது: "மாமா, இந்த நம்பரை ஆன்லைன்ல போட்டு இப்பவே வாங்கிக்கலாம்ல?" மூன்றில் ஒரு ஞாயிறுதான் நடந்தது. அன்று மூன்று மணி நேரம் கடையில் இருந்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

பெங்களூரு நண்பனுக்கு வெறும் எண்ணாக வரும் கார்டு, மின்னஞ்சலில் வாங்கியது. அதை அப்படியே வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டால் காலை வணக்கப் படங்களோடு புதைந்து போகும். பதினாறு இலக்கத்தில் பன்னிரண்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கடைசி நான்கை ஐம்பது பைசா அஞ்சல் அட்டையில், நாங்கள் ஒன்றாக இருந்த அறையின் எண் பற்றிய ஒரு விடுகதையாக எழுதி அனுப்பினேன். திறந்த அட்டையில் முழு எண்ணையும் எழுதக்கூடாது, எல்லோரும் படிக்கலாம். தபாலில் போட்டதே நான் தாமதம், தீபாவளி கழிந்துதான் போய்ச் சேர்ந்தது. அதற்குள் அவன் நான்கு நாள் என்னைத் திட்டித் தினமும் பேசினான். கல்லூரி முடிந்ததற்கப்புறம் அவ்வளவு பேசியதே இல்லை.

எங்கள் வீட்டுச் சமையலுக்கு உதவும் அக்காவுக்கும் ஒரு பெட்டி செய்ய ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் பணத்துக்கு நான் வேலி போட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவருக்கு ரொக்கம்தான், மொய்க் கவரில், ஒன்று சேர்த்து.

ஐந்து பேர் பெட்டி உறை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணச் செலவு நூற்றைம்பதைத் தாண்டவில்லை, முத்திரையும் வீணாய்ப் போன காந்தமும் தனி. நேரம்தான், நான்கு ஞாயிறு. ஊருக்குக் கொண்டுபோக எவர்சில்வர் டிபன் டப்பாவில் போட்டு எடுத்துப்போனேன், நெல்லை எக்ஸ்பிரஸில் தீபாவளிக் கூட்டத்தில் பைக்குள் காகிதப் பெட்டி பிழைக்காது.

2025 அக்டோபர் 20, தீபாவளிக் காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அத்தை வீட்டுக்குப் போனேன். பெட்டியை வாங்கியதும் அத்தை முதலில் தடவியது மூலையில் இருந்த மஞ்சள் கறையை. "இது நம்ம பத்திரிகைல்லா?" என்றார். தட்டைத் தள்ளினார், சீட்டைப் படித்து "யாருக்கு எடுக்கணும்னு நீ சொல்லுவியோ" என்றார், கார்டை எடுத்து மாமாவிடம் நீட்டினார். நகத்தால் காசை நெம்பி எடுத்தவர், அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மகள் மஸ்கட்டில் இருக்கிறாள், அந்த வருடமும் வரவில்லை. ஒன்றும் சொல்லாமல் காசை மறுபடி அதன் இடத்திலேயே வைத்து அமுக்கினார்.

அதனால் பூச்சைச் சுரண்ட அந்த ஒரு ரூபாய் பயன்படவே இல்லை. மாமா சாவியால் சுரண்டினார்.

புடவை எடுத்தாயிற்று. பச்சைதான், ஆனால் பார்டர் மஞ்சள். 2026 பொங்கலுக்குப் போனபோது பெட்டி சாமி அறை அலமாரியில் இருந்தது, உள்ளே ஊக்கும் இரண்டு ஸ்டிக்கர் பொட்டு அட்டையும் காசும். கார்டு அடுப்படியில், சப்பாத்தி மாவு வழிக்க. "இப்ப இதுல ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டுக்கொண்டே வழித்தார். இல்லை என்றேன்.